வெள்ளை அணுக்களும் கொஞ்சம் நல்லெண்ணெயும்

கனடாவுக்குப் போகிறவர்கள் ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி என்று கட்டிக்கொண்டு போவார்கள். நான் கொண்டுபோக வேண்டியிருந்தது என் ரத்தத்தைத்தான். அது உடம்புக்குள்ளேயே இருந்ததால் விமானத்தில் எடை போடவில்லை. கைப்பையில் பவானி அக்காவுக்காக அல்வா வைத்திருந்தேன். நெய் கசிந்து பாஸ்போர்ட்டின் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது.

எனக்குப் பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள் அவசரம் அவசரமாக ஓடிவந்து, அதைவிட அவசரமாகத் திட்டிவிட்டுப் போகும் கடை. என் கணவர் இறந்தபோது எனக்கு விட்டுப் போனவை அந்தக் கடையும் எச்.ஐ.வி. கிருமியும். இதை இப்படி அச்சில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் தெருவும் படிக்கும். படிக்கட்டும்.

அதிசயம் என்னவென்றால், இத்தனை வருஷமாக மருந்தே இல்லாமல் அந்தக் கிருமி எனக்குள் சும்மா கிடக்கிறது. கடையில் என் மெஷின் நாள் முழுக்க நகல் எடுத்துத் தள்ளுகிறது. உடம்புக்குள் வந்து உட்கார்ந்த கிருமியோ தன்னை நகலெடுக்க முடியாமல் முழிக்கிறது. நூறில் ஒருவருக்குக்கூட இப்படி அமையாதாம். சென்னை டாக்டர்கள் ஆச்சரியப்பட்டு, என் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, உறைய வைத்து, டொரொன்டோவில் உள்ள ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேருவதற்குள் எல்லாம் செத்துவிட்டன. அணுக்கள் வராவிட்டால் அணுக்களின் சொந்தக்காரியே வரட்டும் என்று அவர்கள் டிக்கெட் அனுப்பிவிட்டார்கள்.

தங்க ஹோட்டலும் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதை நான் போனில் பவானி அக்காவிடம் சொன்னதுதான் தப்பு.

"ஹோட்டலோ? நான் இஞ்சை என்ன செத்தா போனன்? கோமதி, வாறதெண்டா எங்கட வீட்டை வா. இல்லையெண்டா வராதை."

பவானி அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. அகதியாக வந்து எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளும் நானும் ஒரே கிணற்றில் துவைத்து, ஒரே தட்டில் மாங்காய் வெட்டித் தின்றவர்கள். அப்புறம் அவள் கனடா போனாள், நான் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போனேன். என் கணவர் இறந்தபோது எல்லோருக்கும் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம். அவளுக்கும் அதுதான் தெரியும்.

"என்னத்துக்கு அவைக்கு உன்ர ரத்தம்?" என்று கேட்டாள்.

"ஏதோ விசேஷமா இருக்காம்க்கா" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விஷயம் தெரிந்த மறுநாள் என் மாமியார் என் தம்ளரின் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தார். தட்டுக்கும் ஒரு பொட்டு. இரண்டையும் தனி அலமாரியில் வைத்தார். சண்டை போடவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பொட்டு மட்டும்தான். அந்த வீட்டை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும், யார் வீட்டில் காப்பி கொடுத்தாலும் தம்ளரின் அடியைத் தடவிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. கனடாவில் எனக்குக் குளிர் பயமில்லை, ஊசி பயமில்லை. பவானி அக்கா வீட்டில் என் தம்ளர் தனியாகிவிடக் கூடாது, அது ஒன்றுதான் பயம்.

விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போனவர் அவளுடைய கணவர் யோகன் அண்ணை. விட்பியில் ஏதோ கிடங்கில் வேலை. நாளில் பாதி காரிலேயே போய்விடுகிறது என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மழை மாதிரி விழும் என்று நினைத்திருந்தேன். இது விழவேயில்லை, சும்மா அலைந்தது. கீழே வந்த ஒரு துளி மனசு மாறி மறுபடியும் மேலே போனதைக் கண்ணால் பார்த்தேன். நம் ஊரில் அப்போது காலை நேரம், ஷட்டரைத் தூக்குகிற நேரம். என் உடம்பு பாளையங்கோட்டையிலும் கண் டொரொன்டோவிலுமாக நான் பாதித் தூக்கத்தில் போனேன். அந்த ஊரில் முழித்திருந்த நேரமும் தூங்கிய நேரமும் இன்றைக்கும் எனக்குக் கலந்துதான் ஞாபகம் வருகின்றன.

அவர்கள் வீடு மல்வேர்னில் இருந்தது. ஒரே மாதிரி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை. உள்ளே நுழைந்தால் கறிவேப்பிலை வாசனை. பவானி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, "என்னடி உப்பிடி மெலிஞ்சுபோனாய்" என்றாள். நான் மெலியவேயில்லை, முன்பைவிட நன்றாகப் பருத்திருக்கிறேன். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இடியப்பமும் சொதியும் வைத்தாள். சொதி என்றால் எங்கள் ஊரில் கல்யாண மறுவீட்டில் போடுகிற காய்கறிச் சமாசாரம். இவர்களுடையது மஞ்சள் நிறத் தேங்காய்ப் பால், தண்ணீராக, எலுமிச்சை பிழிந்து. பெயர்தான் ஒன்று, ருசி வேறு. எது உசத்தி என்று அந்தக் காலத்திலேயே மாடிப்படியில் நின்று சண்டை போட்டிருக்கிறோம். அன்றைக்கும் கொஞ்சம் போட்டோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். பவானி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு ஊட்டுகிற வேலை. காலை ஷிப்ட் இருந்ததால் வரவில்லை, எனக்கும் அதில் நிம்மதிதான். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. விசிலும் கிடையாது. இறங்க வேண்டுமென்றால் ஜன்னலோரம் தொங்குகிற மஞ்சள் கயிற்றை நாமே இழுக்க வேண்டுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்டாப்பில் தானாக நிற்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள், முக்கால்வாசிப் பேர் தூங்கினார்கள். தூங்குகிறவர்கள் தங்கள் ஸ்டாப் வந்ததும் கண்ணைத் திறக்காமலே கயிற்றை இழுத்துவிட்டு எழுந்தார்கள். இறங்க வேண்டிய கென்னடி ஸ்டேஷன்தான் கடைசி ஸ்டாப் என்று நினைத்திருந்தேன், ஆனால் நான் ஏறியிருந்தது கென்னடியைத் தாண்டிப் போகிற வேறு பஸ். பஸ் என்னை ஒரு பெரிய வெள்ளை மைதானத்தின் ஓரம்வரை கொண்டுபோய்விட்டது. அது மைதானம் இல்லை, கார் நிறுத்துமிடம்.

பக்கத்தில் ஒரு பெரியவர், தலையில் கம்பளித் தொப்பி. நான் பதறுவதைப் பார்த்து, "அவசரப்படாதே மகளே, இந்தப் பஸ் திரும்பவும் அங்கேதான் போகும். எல்லாப் பஸ்ஸும் எப்போதாவது திரும்பும்" என்றார். சோமாலியாக்காரராம். திரும்பும் வழியில் என் ஸ்டாப்புக்கு அவரே கயிற்றை இழுத்துக் கொடுத்தார்.

ஆராய்ச்சி செய்கிற டாக்டரின் பெயர் லைலா. சின்ன வயசு, ஈரானில் பிறந்தவர், பேசும்போது கை இரண்டும் பறக்கும். என் கடை ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி விளக்கினார். எச்.ஐ.வி. தன்னை நகலெடுக்கும்போது நிறையத் தப்புச் செய்யுமாம். தப்பு நகல் ஒவ்வொன்றுக்கும் முகம் கொஞ்சம் மாறிப்போகும். அதனால் நம் உடம்பின் காவல் அணுக்கள் பழைய முகத்தைத் தேடி ஏமாந்து போகும். ஆனால் மாறினால் கிருமியே நொறுங்கிவிடும் என்கிற மாதிரி சில இடங்கள் அதற்கும் உண்டு. என் அணுக்கள் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று அவர் நினைக்கிறார்.

"எப்படிப் பிடிச்சது?" என்று கேட்டேன்.

"அது தெரிந்தால் நான் உங்களை இவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்க மாட்டேனே" என்று சிரித்தார். இதனால் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்கிறவர்களைத்தான் பிடிக்கும்.

பிறகு ஒரு திரையில் படம் காட்டினார். வேறு யாரோ ஒருவருடைய அணுக்கள். கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிவிட்டு, ஒன்றும் அவசரமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் போகும், தொடும், கொஞ்சம் தடவிப் பார்க்கும், விட்டுவிட்டு நகரும். "தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும், தூரத்தில் நின்று தெரியாது" என்றார் லைலா. பிறகு ஒரு பச்சை அணு, கிருமி புகுந்த வேறொன்றைத் தொட்டு, விடாமல் நின்றது. தொடப்பட்டது சுருங்கி, மங்கி, இல்லாமல் போயிற்று. சத்தமேயில்லை. தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது ஜன்னலுக்கு வெளியே நடப்பது போலவே இருந்தது. எனக்குள்ளும் இத்தனை வருஷமாக, நான் கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோதெல்லாம், இப்படி யாரோ ஊர்ந்து ஊர்ந்து காவல் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

அணுக்களை எடுக்க நாள் குறித்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, வெள்ளை அணுக்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாக உள்ளே விட்டுவிடுவார்கள். முந்தின நாளும் அன்றும் கொழுப்பு உணவு கூடாது, இது மட்டும் கண்டிப்பு என்றார் நர்ஸ் மார்சியா. ஜமைக்காக்காரர். வாய் ஓயாத, கை நடுங்காத நர்ஸ்.

நான் அதை அப்படியே பவானி அக்காவிடம் சொன்னேன். அவளும் அப்படியே கேட்டுக்கொண்டாள். ஆட்டுக்கறி வேண்டாம் என்றேன், சட்டியை மூடி வைத்தாள். என் அல்வாவை நானே தொடவில்லை. தேங்காய்ப் பாலும் வேண்டாம் என்றபோது கொஞ்சம் முறைத்தாள், ஆனால் விட்டுவிட்டாள். குறித்த நாள் காலையில் நான் புறப்படும்போது மட்டும் ஒரு கப்போடு வந்து வாசலை மறித்தாள்.

"ரத்தம் குடுக்கப்போற பிள்ளை உப்பிடி வெறும் வயித்தோட போறதோ? இதைக் குடி. முட்டையும் நல்லெண்ணையும்."

யாழ்ப்பாணத்தில் பெண் பெரியவளானாலோ பிள்ளை பெற்றாலோ பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துத்தான் உடம்பைத் தேற்றுவார்கள். மாடியில் அவள் தங்கச்சி பெரியவளானபோது எனக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊரிலும் நல்லெண்ணெய் என்றால் குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது. நெய் கொழுப்பு, கறி கொழுப்பு. நல்லெண்ணெயைக் கொழுப்பில் சேர்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, அது மருந்தல்லவா. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். தாராளமாகவே ஊற்றியிருந்தாள்.

மார்சியா ஒரு குழாய் ரத்தம் எடுத்து ஒரு சின்ன மெஷினில் சுழற்றினார். பிறகு அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் சிவப்பு, மேலே தெளிவாக இருக்க வேண்டிய நீர் வடிகஞ்சி மாதிரி வெள்ளையாகக் கலங்கிப்போயிருந்தது.

"என்ன சாப்பிட்டாய்?"

"ஒன்றும் சாப்பிடவில்லை. முட்டையும் எண்ணெயும் மட்டும்."

"எண்ணெயில் பொரித்த முட்டையா?"

"இல்லை. பச்சை முட்டை. எண்ணெயைக் குடித்தேன்."

மார்சியா என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "எண்ணெயைக் குடித்தாய்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் அத்தை எங்களை வரிசையாக நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றுவாள். நல்லவேளை, அவள் கையில் நீ அகப்படவில்லை."

சிரித்து முடித்ததும் நிலைமையைச் சொன்னார். இப்படிக் கலங்கிய ரத்தத்தில் மெஷினுக்கு எது எந்த அணு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் மெஷின் காலியாக இருக்கிறது, நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். அன்றும் இப்படி ஆனால் வந்த வேலை நடக்காது. எடுத்து முடித்ததும் தலை சுற்றலாம், அதனால் அன்றைக்குக் கட்டாயம் ஒருவரைக் கூட்டி வர வேண்டும்.

அந்தப் பிரிவின் கதவில் எச்.ஐ.வி. என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. சுவரெல்லாம் அதைப் பற்றிய படங்கள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்தக் கதவு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. தவறாமல் கயிற்றை இழுத்தேன், இறங்கினேன், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் காலை உதறினேன். அந்த ஊரில் யார் செருப்பு போடுகிறார்கள், பூட்ஸோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் பவானி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தானே எல்லாத்தையும் பழுதாக்கினன். அடுத்த முறை நானே உன்னோட வாறன். லீவு எடுக்கிறன். டொக்டரிட்டை நானே மன்னிப்புக் கேக்கிறன்." வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் போனை எடுத்து லீவும் சொல்லிவிட்டாள். யோகன் அண்ணையைக் கூட்டிப்போகலாம் என்றால் அவருக்கு விட்பி.

ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும். கதவைப் பார்த்து அவள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிவது மேல் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது எளிது. சொல்ல வாய் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் வைத்த தம்ளரை எல்லாம் அடியில் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு முன்னால் ஒரு கடல் மாதிரிக் கார்கள், எல்லாவற்றின் மேலும் பனி. இடம் கிடைக்காமல் தூரத்தில் நிறுத்தினோம். அர்ச்சனைச் சீட்டு எடுக்க யோகன் அண்ணை முன்னால் போனார். வேட்டிக்கு மேலே கறுப்பு ஜாக்கெட், காலில் பூட்ஸ், கையில் தேங்காய். காருக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புகை படர்ந்து கோயில் கோபுரம் கரைந்து கரைந்து மறைந்தது. வெளி உலகமே இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தோம்.

"அக்கா, அவருக்கு வந்தது காமாலை இல்ல" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். கிருமி பற்றி, என்னைப் பற்றி, அந்தக் கதவைப் பற்றி. நகப்பாலிஷ் பொட்டை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளாலதான் வந்ததோ?" என்றாள்.

"ஆமாக்கா."

அவள் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. "அவர் தேடுவார்" என்று சொல்லிவிட்டு இறங்கி, பனியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, கோயிலை நோக்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பின்னால் போனேன், சந்நிதியில் கூட்டத்தில் அவர்களுக்குத் தள்ளி நின்றேன். அன்றைக்குப் பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணை மூடினால் பச்சை அணுக்கள்தான் ஊர்ந்தன.

மறுநாள் காலை நான் சமையலறைக்குள் போனபோது மேசையில் ஒரு மஞ்சள் துணி விரித்திருந்தது. அதன் மேல் ஒரு சின்னச் சட்டி, ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. எல்லாம் எவர்சில்வர். நான் அதுவரை அந்த வீட்டில் பார்க்காதவை.

"இனி உனக்கு இதிலைதான். வேற ஒண்டையும் தொடாதை" என்றாள் பவானி அக்கா. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

எத்தனை ஆயிரம் மைல், கடைசியில் அதே தட்டு. அவள் அவித்து வைத்த பயற்றையும் சோற்றையும் ருசி தெரியாமல் தின்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். பொட்டு இல்லை. பொட்டு வைக்காமலும் ஒதுக்கலாம், அது எனக்குத் தெரியாதா. ஹோட்டலுக்குப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். அவள் மேல் கோபம் வந்தது, கோபத்தைவிட அழுகை அதிகமாக வந்தது. அன்றெல்லாம் நேரம் தப்பித் தூங்கினேன். தூக்கத்தில் எங்கள் மாடிப்படியில் பனி பெய்துகொண்டிருந்தது, அதில் மாங்காய்த் தட்டோடு யாரோ ஏறி வந்தார்கள், முகம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று காலையில் யோகன் அண்ணை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சமையலறைக்கு வந்தார். கையில் முந்தின நாள் மீன் குழம்பில் கிடந்த கரண்டி. மஞ்சள் துணியைப் பார்த்ததும் மின்சாரம் பட்ட மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது உவளின்ர விரதச் சட்டியெல்லோ! கந்தசஷ்டிக்குத்தான் எடுப்பாள். விரதம் முடிய மினுக்கிக் கட்டி மேல வைச்சிட்டாளெண்டா என்னை அந்த அலுமாரிப் பக்கமே விடமாட்டாள். இஞ்சை இருக்கேக்கை எங்கட மகளுக்குக்கூட இதிலை குடுத்ததில்லை. உங்களுக்கெண்டு இறக்கியிருக்கிறாள் போல."

பவானி அக்கா ஸ்கார்பைச் சுற்றிக்கொண்டே வந்தாள். "பின்னை என்ன செய்யிறது? இந்த வீட்டிலை உள்ள மற்றச் சட்டியெல்லாம் எண்ணெய் ஊறிக் கிடக்கு, எத்தினை தரம் கழுவினாலும் போகாது. இதிலை ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை. இந்த முறையும் இவளின்ர ரத்தம் பாலாப் போச்செண்டால் அந்த நர்ஸின்ர முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் மிச்சமிருந்த பயற்றைப் பார்த்து, "முழுக்கச் சாப்பிடு" என்று அதட்டினாள்.

ஊரில் மச்சம் என்று இவர்கள் சொல்கிற மீன், கறி படாத பாத்திரத்தை எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள் என்பது மாடியில் இருந்தபோதே எனக்குத் தெரியும். சாமிக்குப் பொங்குவதற்குச் சமம். அந்தத் தட்டில்தான் இரண்டு நாளாக அழுதுகொண்டே தின்றிருக்கிறேன். மிச்சப் பயற்றை வழித்து வழித்துத் தின்றேன். ஆனால் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கேள்வி அப்போதும் இருந்தது. கார்க் கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கிப் போனாளே, அது?

ஆஸ்பத்திரியில் அந்தக் கதவின் முன்னால் பவானி அக்கா ஒரு நொடி நின்றாள், எழுத்தைப் படித்தாள், கதவைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள். மார்சியா குழாயைத் தூக்கிப் பிடித்தார். மேலே இருந்தது தெளிந்த மஞ்சள். மூன்று பேரும் அதை ஏதோ சாமி சிலை போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். "எண்ணெய் ஊற்றிய அக்கா இவர்தானா?" என்று கேட்டார் மார்சியா. அக்கா வெட்கத்தோடு தலையாட்டினாள்.

சாய்ந்த கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கையிலும் ஊசி போட்டு, அசையக் கூடாது என்று சொல்லி, காய்ந்த துணி வாசம் வீசும் சூடான போர்வையைப் போர்த்தினார்கள். மெஷின் மெல்ல உறுமிச் சுழன்றது. என் ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வந்தது. மேலே தொங்கிய பையில் வெள்ளை அணுக்கள் சேர்ந்தன. வெள்ளை என்று பெயர்தானே தவிர, நீர் கலந்த சிவப்புக் கொய்யாப்பழ நிறம். ஜன்னலுக்கு வெளியே பனி அலைந்துகொண்டிருந்தது. எனக்கு மிதக்கிற மாதிரி இருந்தது.

கை இரண்டும் கட்டிப்போட்டால் மூக்கு அரிக்கும் என்பது உலக வழக்கம். நான் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்ததும் பவானி அக்கா, "கடிக்குதோ?" என்று விரலால் சொறிந்துவிட்டாள். வயதானவர்களுக்குச் செய்து செய்து பழகிய கை, சரியான இடத்துக்கே போயிற்று. பிறகு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கோமதி, அண்டைக்குக் கோயிலிலை நான் இறங்கிப் போனன்."

"பரவால்லக்கா."

"சொல்லுறதைக் கேள். வேலைக்குப் படிக்கேக்கை உதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. எப்பிடிப் பரவும், எப்பிடிப் பரவாதெண்டு சோதினையும் எழுதிப் பாஸ் பண்ணினனான். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் எனக்குப் பயம் வந்திட்டுது. நீ குடிச்ச கப்பிலை நானும் குடிச்சனானோ எண்டு யோசிச்சன். பிறகு என்னை நினைக்க எனக்கே வெக்கமாக் கிடந்தது. பிள்ளையாருக்கு முன்னால நிண்டு அழுதிட்டுத்தான் வந்தனான்."

அவள் பயந்தாள் என்பது வலித்தது. அதை என்னிடம் சொன்னாளே என்பது அந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது. என் மாமியார் கடைசிவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் உதடு குறுகுறுத்தது, எறும்பு ஊர்வது மாதிரி. மார்சியாவிடம் சொன்னேன். மெஷினில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து கலப்பார்களாம், அது உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், பால் குடித்தால் சரியாகும் என்று ஒரு காகிதக் கப்பில் கொழுப்பு நீக்கிய பால் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா என் தலைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி, கப்பை என் உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தண்ணி மாதிரிப் பால். பாதிக்கு மேல் முடியவில்லை. "போதும்க்கா" என்றேன்.

அவள் ஒரு கையால் என் வாயைத் துடைத்துவிட்டு, மறு கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். "உந்த முதியோர் இல்லத்திலை எங்கட சூப்பர்வைசர் இருக்கிறாள், எத்தினை லீற்றர் பாலை ஒவ்வொரு நாளும் ஊத்துவிக்கிறாள் தெரியுமோ, பாத்துக்கொண்டிருக்க எனக்கு வயிறு எரியும்" என்று சொல்லிக்கொண்டே, நான் குடித்த அதே ஓரத்தில் வாயை வைத்து, மிச்சப் பாலைக் குடித்து முடித்தாள். கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டாள். சூப்பர்வைசரைப் பற்றி மேலே பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் கவனிக்கவேயில்லை. நான் கவனித்தேன்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து மூக்கின் பக்கமாக இறங்கியது. இரண்டு கையிலும் ஊசி, துடைக்க வழியில்லை. தலையை ஜன்னல் பக்கம் திருப்பப் பார்த்தேன்.

"என்னடி, திரும்பவும் மூக்குக் கடிக்குதோ?" என்றாள் பவானி அக்கா.

"ஆமாக்கா" என்றேன்.

சொறிந்துவிட்டாள்.